திரைக்குப் பின்னால் போருக்குப் போனவர்

மலாயாவின் ஈப்போவில் போருக்குப் போய்வந்த தமிழர் யார் என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் அங்குள்ள சிலிபின் பகுதியில் எந்தக் கதவைத் தட்டிக் கேட்டிருந்தாலும் ஒரே பதில்தான் வந்திருக்கும்: பட்டாளம் ஆம்புரோஸ். தேநீர்க் கடையில் அவருக்கு இரண்டாவது குவளை கேட்காமலே வரும். மாதா கோயிலில் முன் பெஞ்சு தானாக ஒதுங்கி இடம் கொடுக்கும். சவரம் செய்கிறவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "ஜெர்மன்காரன் தொண்டை எப்படிண்ணே, நம்ம மாதிரிதானா?" என்று பணிவாக விசாரிப்பார். ஆள் நல்ல உயரம். மீசைக்கு மட்டும் தனியாக ஒரு உயரம். இத்தனை சிறப்புக்கும் நடுவில் ஒரேயொரு சிறு குறை உண்டு. அவர் போருக்குப் போகவில்லை.

போகவே இல்லை என்றும் அடித்துச் சொல்லிவிட முடியாது. பினாங்குத் துறைமுகம் வரைக்கும் போனார்.

1916இல் அவர் காம்பாருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகைக்கூடத்தில் தொங்கவிடும் வேலையில் இருந்தார். மெசப்பொட்டேமியாவில் கால்வாய் வெட்டவும் மூட்டை தூக்கவும் ஆள் எடுக்க ஒரு துரை வந்தார். அந்த ஊரின் பெயரைத் தோட்டத்தில் யாராலும் முழுசாகச் சொல்ல முடியவில்லை. வாயில் நுழையாத ஊரில் சம்பளம் அதிகமாகத்தான் இருக்கும் என்று நம்பி மூன்று பேர் கைநாட்டு வைத்தார்கள். ஒருவர் ஆம்புரோஸ். இன்னொருவர் அதே லயத்து வரிசை வீட்டு இராமசாமி. மூன்றாவது ஆள் இராமசாமியின் கூட்டாளி அப்பாவு.

கப்பல் ஏறும் நாள் காலையில் ஆம்புரோஸின் இரண்டு தாடையும் பப்பாளிப் பழம் போலப் புடைத்திருந்தன. பொன்னுக்கு வீங்கி. டாக்டர் துரை அவருடைய சட்டை முதுகில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டு வரிசையை விட்டு வெளியே நிறுத்தினார். மற்ற இருவரும் ஏறினார்கள். கப்பல் போனது. ஆம்புரோஸ் தொற்று நோயாளிகளுக்கான கொட்டகையில் மூன்று வாரம் கஞ்சி குடித்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினார்.

"என்னடா, சண்டைக்குப் போனியாமே?" என்று கேட்டார்கள்.

"போனேன்."

"எப்படிடா இருந்துச்சு?"

"அத ஏன் கேக்குற."

இந்த இரண்டு பதிலிலும் பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் 'அத ஏன் கேக்குற' என்று ஒருவன் சொல்லிவிட்டால் தமிழர்கள் கேட்காமல் விடமாட்டார்கள். கேட்டார்கள். அவரும் கொஞ்சம் சொன்னார். தாடை வீக்கம் ஒரு மாதத்தில் வடிந்தது. கதை வடியவில்லை.

கதையின் புகழ் ஈப்போவரை வந்து, அவருக்கு ஒரு பயாஸ்கோப் கொட்டகையில் படம் சொல்லும் வேலையை வாங்கிக் கொடுத்தது. படங்கள் பேசாத காலம். திரையில் வரும் இங்கிலீஷ் எழுத்தைப் படிக்கத் தெரியாத சனங்களுக்கு, இவன் யார், அவள் ஏன் அழுகிறாள் என்று தகரக் குழாயில் வாய் வைத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஆம்புரோஸுக்கும் இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அதனால் அவர் கற்பனைக்குக் குறுக்கே எதுவும் நிற்கவில்லை.

கொட்டகையின் அமைப்பைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. திரைத்துணி சுவரை ஒட்டித் தொங்காது, கொட்டகையின் நடுவில் தொங்கும். துணிக்கு முன்னால் நாற்காலிகள்: துரைமார், ஈயச் சுரங்க முதலாளிகள், கணக்கெழுதும் கிராணிமார். துணிக்குப் பின்னால் பலகைகள்: மூன்றாம் வகுப்பு, தோட்டத்துச் சனம், தகரக் குழாயோடு ஆம்புரோஸ். வெளிச்சம் துணியைத் தாண்டிப் பின்பக்கமும் வரவேண்டும் என்பதற்காக ஆட்டம் தொடங்குமுன் வாளி வாளியாகத் தண்ணீர் அடித்துத் துணியை நனைப்பார்கள். அதில் பாதி மூன்றாம் வகுப்பின் தலையில்தான் விழும். படம் நன்றாகத் தெரியும். இடம் வலமாக, வலம் இடமாகத் தெரியும் என்பது மட்டுந்தான் வித்தியாசம்.

பின்னாலேயே உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு அது வித்தியாசமாக எப்படித் தெரியும்? ஈப்போவைச் சுற்றிய கிந்தா பள்ளத்தாக்கின் தோட்டங்களில் வெள்ளைக்காரர்களைப் பற்றி ஒரு முழு சாஸ்திரமே உருவாயிற்று. வெள்ளைக்காரன் இடக்கையால் எழுதுவான், இடக்கையால் கை குலுக்குவான், கத்தியை வலப்பக்க இடுப்பில் செருகி இடக்கையால் உருவுவான். தங்கள் தோட்டத்துத் துரை வலக்கையால் கையெழுத்துப் போடுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் கூட மனம் மாறவில்லை. "இது அசல் வெள்ளைக்காரன் இல்ல. சீமையில வேலை கிடைக்காம இங்க வந்து கெடக்கு" என்று துரையைத்தான் தள்ளி வைத்தார்கள்.

ஆம்புரோஸ் போரைக் கற்றதும் அந்தப் பலகையில்தான். படை நடப்பது, துப்பாக்கி தோளேற்றுவது, சலாம் அடிப்பது எல்லாம் பின்பக்கமிருந்து பார்த்துப் பழகியவை. அவர் சலாம் அடித்தால் விறைப்பாக இருக்கும், கம்பீரமாக இருக்கும், இடது கையில் இருக்கும். ஈப்போவின் போலீஸ்காரர்கள் வலக்கையில் அடிக்கிறார்களே என்று ஒருவர் கேட்டதற்கு, "அது போலீசு. இது பட்டாளம். ரெண்டுக்கும் வித்தியாசம் வேணாமா?" என்று ஒரே வாக்கில் அடக்கிவிட்டார்.

தொழிலில் அவருக்கு ஒரு விதி உண்டு. நல்லவன் சாகக் கூடாது. செத்தால் மூன்றாம் வகுப்பு பலகையைப் பிடுங்கும். ஆகவே திரையில் குண்டடி பட்டு விழுகிறவனை எல்லாம், "மயக்கம்தான், பயப்படாதீங்க. அடுத்த வாரம் எந்திரிச்சிடுவான்" என்று காப்பாற்றிவிடுவார். அடுத்த வாரம் அதே நடிகர் வேறொரு படத்தில் குதிரைமேல் வருவார். சனங்கள் கைதட்டுவார்கள்.

இனி இராமசாமி. அவர் 1919இல் மெசப்பொட்டேமியாவின் பஸ்ராவிலிருந்து திரும்பிவந்து அந்தக் கொட்டகை வாசலிலேயே கச்சாங் வண்டி, அதாவது வேர்க்கடலை வண்டி, போட்டிருந்தார். அவரும் தன் போரைச் சொல்லிப் பார்த்தார்.

"தண்ணி கெடையாது. ஈ. கழுதை மேல மூட்டை ஏத்தணும், எறக்கணும். அப்புறம் எல்லாருக்கும் வயித்தால போச்சு."

"சண்டை?"

"அது அங்கிட்டுத் தூரத்துல நடந்துச்சு."

கேட்டவர்கள் கச்சாங் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளே ஆம்புரோஸின் போருக்குப் போய்விட்டார்கள். அப்பாவு திரும்பவில்லை. வயிற்றுக்கடுப்பில் பஸ்ராவில் செத்தார். இராமசாமியே குழி வெட்டி, பெயரைச் சொல்லி ஒரு முளைக்குச்சி அடித்தார். மறுநாள் யாரோ அதைப் பிடுங்கி அடுப்பெரித்துவிட்டார்கள். குளிர் அப்படி.

ஆம்புரோஸின் கதையை ஏன் உடைக்கவில்லை என்று பின்னாளில் ஒருமுறை இராமசாமியிடம் கேட்டார்கள். "அவனும் ஒரு சண்டை சொல்றான். நானும் ஒரு சண்டை சொல்றேன். கேக்க எது நல்லா இருக்கு? அவன்தானே. சண்டைப் படம் போட்டா எனக்கும் யாவாரம் ஆகுது" என்றார். ஆனால் அவருக்கு ஓர் ஆசை இருந்தது. அப்பாவுவின் பெயர் சர்க்காரின் எந்தக் காகிதத்திலும் இல்லை. செத்தவர் பட்டியலிலும் இல்லை, போனவர் பட்டியலிலும் இல்லை. அதை எங்காவது ஒரு இடத்தில் ஒருமுறை ஏற்றிவிட வேண்டும். அவ்வளவுதான்.

1927 நவம்பரில் அதற்கு ஒரு வழி பிறந்தது போல இருந்தது. ரயில் நிலையத்துக்கு எதிரே நினைவுத்தூண் எழும்பியிருந்தது. போர் முடிந்த நாளான பதினோராம் தேதி, ஒவ்வொரு இனத்திலிருந்தும் போருக்குப் போன ஒருவர் பூ வைத்து, சலாம் அடித்து, செத்துப்போன தன் கூட்டாளி ஒருவரின் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்ன பெயர் ஏட்டில் ஏறும். தமிழருக்கு ஆள் பிடிக்கும் பொறுப்பு தலைமைக் கிராணி பஞ்சலிங்கத்திடம் வந்தது.

பஞ்சலிங்கம் யாழ்ப்பாணத்தவர். ஆதாரம் இல்லாமல் மழை பெய்கிறது என்றுகூட எழுதமாட்டார். ஆம்புரோஸ், இராமசாமி இரண்டு பெயரும் அவரிடம் வந்தன. இருவரிடமும் காகிதம் இல்லை. இராமசாமியின் விடுதலைச் சீட்டைக் கறையான் தின்றுவிட்டது. ஆம்புரோஸிடம் சீட்டே இருந்ததில்லை. ஆகவே பஞ்சலிங்கம் பரீட்சை வைக்கத் தீர்மானித்தார். அந்த வாரம் கொட்டகையில் ஒரு டாங்கிப் படம் ஓடிக்கொண்டிருந்தது. இருவரையும் சனிக்கிழமை பகல் ஆட்டத்தின்போது முன்வரிசை நாற்காலிக்கு அழைப்பது, படத்தைப் பார்த்தபடியே கேள்வி கேட்பது, எவர் சொல்வது படத்தோடு பொருந்துகிறதோ அவர் போருக்குப் போனவர். சர்க்கார் கச்சேரி மூளைக்கு இதைவிட நேர்மையான வழி தோன்றாது.

முந்தின நாள் மாலை ஆட்டத்தில் ஆம்புரோஸ் அந்தப் படத்தைப் பின்னாலிருந்து சொன்னார். அவர் தொழிலில் அவ்வளவு கஷ்டப்பட்ட நாள் இல்லை. சக்கரம் தெரியாமல் புழுப்போல ஊர்ந்து போகும் ஓர் இரும்பு வண்டி. அதன் வயிற்றுக்குள் எட்டுப் பேர். முகமெல்லாம் கரி. பல வருடம் கொன்று கொன்று மரத்துப்போனவர்கள். சிரிப்பதில்லை, அழுவதில்லை. பெண் இல்லை, குதிரை இல்லை, வில்லன்கூட முகம் காட்டவில்லை. கையைத் தூக்கிச் சரணடைந்த ஒருவனைச் சுட்டுவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்கிறார்கள். கடைசியில் சேற்றில் வண்டி மாட்டிக்கொள்ள, ஒவ்வொருவராகச் சாகிறார்கள்.

"ஓட்டுறானே, அவன்தான் நம்ம ஆளு," என்று ஆம்புரோஸ் குழாயில் முழங்கினார். "ஊர்ல கல்யாணம் நிச்சயமாயிருக்கு."

"பொண்ணு யாரு?" என்று பலகையிலிருந்து வீரம்மா கேட்டாள். அவள் ஒரு படமும் தவறவிடாத ரப்பர் மரத்துப் பால்வெட்டுக்காரி.

"அது... பின்னாடி வரும்."

"வரவே இல்லியே. எட்டு ஆம்பளயும் ஒரு தகர டப்பாவுமா எம்புட்டு நேரம் பாக்குறது?"

வண்டி எரிந்தது. எட்டுப் பேரும் கிடந்தார்கள்.  ஆம்புரோஸ் தொண்டையைச் செருமினார். "மயக்கம்தான், பயப்படாதீங்க."

"எட்டுப் பேருக்குமா?"

"எட்டுப் பேருக்கும்."

"வண்டிக்குமா அண்ணே?"

அன்றைக்குப் பலகை பிடுங்கப்படாதது, என்ன செய்வதென்று சனங்களுக்கே தெரியாமல் போனதால்தான்.

சனிக்கிழமை இருவரும் வாழ்நாளில் முதல்முறையாகத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பஞ்சலிங்கம் நடுவில், மடியில் குறிப்புப் புத்தகம். முதல் கேள்வி இராமசாமிக்கு.

"நீர் டாங்கி கண்டிருக்கிறீரோ?"

"இல்லீங்க."

"பீரங்கி?"

"சத்தம் கேட்டுருக்கேன்."

"அப்ப நீர் என்னத்தைத்தான் கண்டனீர்?"

"கழுதைங்க. அப்புறம் ஈ."

பஞ்சலிங்கம் எழுதினார்: யுத்த அனுபவம், இல்லை. கால்நடை அனுபவம், உண்டு.

அடுத்து ஆம்புரோஸ். "டாங்கியை ஓட்டுறவர் எந்தப் பக்கம் இருப்பார்? படத்தில வர முந்திச் சொல்லும்."

"இடப்பக்கங்க," என்றார் ஆம்புரோஸ், நேற்றுப் பார்த்த தைரியத்தில். திரையில் டாங்கியின் உள்பக்கம் வந்தது. ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"வலப்பக்கமெல்லோ இருக்கிறார்!"

ஆம்புரோஸ் மாட்டிக்கொண்டார். ஆனால் ஒன்பது வருடத் தொழில் கைவிடவில்லை. "கிராணி ஐயா, நீங்க வெளிய உக்காந்து பாக்குறீங்க. நான் உள்ள உக்காந்தவன்."

பஞ்சலிங்கம் பென்சிலைக் கடித்தபடி யோசித்தார். மறுக்க வழியில்லை. எழுதினார்: உள்ளனுபவம், உண்டு.

திரையில் ஓர் அதிகாரி வந்தார். எட்டுப் பேரும் சலாம் அடித்தார்கள், வலது கையால். ஆம்புரோஸ் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அப்புறம் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. முன்பக்கத்துக்கு இவர்கள் படத்தைத் திருப்பி ஓட்டுகிறார்கள். பாவம், இத்தனை வருடமாக நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் தப்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இடைவேளையில் போய் மிஷின் ஓட்டுகிறவரிடம் சொன்னார். அவர் பீடியை எடுக்காமலே, "நாற்காலிக்காரன் பாக்குறதுதான் சரியான படம், போய்யா" என்றார். உலகத்தின் நியாயம் அதுதான் என்றாலும் ஆம்புரோஸ் ஒப்புக்கொள்ளவில்லை.

எட்டுப் பேரும் ஒரு குவளைத் தண்ணீருக்காகச் சண்டை போட்ட இடத்தில் மட்டும் இராமசாமி வாயைத் திறந்தார். "இது நெசம்," என்றார். அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

ஆட்டம் முடிந்து வாசலுக்கு வந்ததும் இராமசாமி ஒரு பொட்டலம் கச்சாங்கை ஆம்புரோஸின் கையில் வைத்தார்.

"நீயே நில்லு ஆம்புரோசு. எனக்கு அதெல்லாம் வராது. பேரு மட்டும் அப்பாவுன்னு சொல்லிரு."

"சொல்றேண்ணே. டாங்கிக்குள்ள அப்பாவு எப்படி..."

"டாங்கி கீங்கி வேணாம். அப்பாவு. பஸ்ரா. அம்புட்டுத்தான். மூச்சு விடுற நேரங்கூட ஆவாது."

"மாதா மேல சத்தியம்ணே."

சத்தியம் செய்யும்போது அவர் உண்மையாகத்தான் சொன்னார். அதில் சந்தேகமே இல்லை.

பதினோராம் தேதி, கோயில் பேண்டு குழுவிடம் இரவல் வாங்கிய பித்தளைப் பொத்தான் சட்டையோடு ஆம்புரோஸ் வரிசையில் நின்றார். சாலைக்கு இந்தப்பக்கம் துரைமார். அந்தப்பக்கம், மூன்றாம் வகுப்பு முழுசாக லாரியேறி வந்திருந்தது. இராமசாமி தலையில் கச்சாங் தட்டோடு கூட்டத்தின் முன்னால் நின்றார். இரண்டு நிமிட மௌனம் கடந்தது. ஆம்புரோஸின் முறை. பூவை வைத்தார், பின்வாங்கினார், சலாம் அடித்தார்.

இடது கை.

மாவட்டத் துரையின் புருவம் தொப்பிக்குள் ஏறியது. அதே நேரம் சாலைக்கு அப்பால், தங்கள் பட்டாளத்துக்குப் பதில் மரியாதை செய்வதற்காக, இருநூறு இடது கைகள் படக்கென்று உயர்ந்தன. துரை மெல்லத் திரும்பிப் பஞ்சலிங்கத்தைப் பார்த்தார்.

இவர் போருக்குப் போகாதவர் என்பது பஞ்சலிங்கத்துக்கு அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது. ஆனால் போனவர் என்று ஏழு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர். மனிதன் தவறலாம், கோப்பு தவறக் கூடாது. "அது தமிழ்ப் பட்டாளத்து வழக்கம், சேர்," என்று இங்கிலீஷில் சொன்னார். "மிகப் பழைய வழக்கம்." துரை ரசித்துத் தலையாட்டினார்.

"பெயர்?" என்றார்.

"அப்பாவு," என்றார் ஆம்புரோஸ்.

இராமசாமி கண்ணை மூடிக்கொண்டார். பதினொரு வருடம் கழித்து, ஒரு துரை முன்னால், உரக்க. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆம்புரோஸும் நிறுத்தத்தான் நினைத்தார். ஆனால் எதிரே இருநூறு முகங்கள், வாயைத் திறந்தபடி, மிச்சத்துக்குக் காத்திருந்தன. ஒற்றைப் பெயரோடு அவர்களை எந்த நாளும் அவர் வீட்டுக்கு அனுப்பியதில்லை.

"டாங்கி ஓட்டினான் அப்பாவு!" என்றார். குரல் தகரக் குழாய் இல்லாமலே ரயில் நிலையத்தில் மோதித் திரும்பியது. "பிரான்சு தேசத்துல! எட்டுப் பேரு இரும்பு வயித்துக்குள்ள! ஏழு பேரும் விழுந்துட்டானுங்க, இவன் ஒருத்தன் விடல!" ஐந்து நிமிடம் ஓட்டினார். அவருடைய தொழிலில் முதல்முறையாக ஒரு நல்லவன் மயங்காமல் செத்தான். வீரம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். மொழிபெயர்ப்பைக் கேட்ட துரையின் மூக்கு சிவந்தது. இராமசாமி மட்டும் கண்ணைத் திறந்து, தட்டைத் தலையிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார்.

"அப்பாவு மாட்டு வண்டியில ஏறுனாலே வாந்தி எடுப்பான்," என்றார், பக்கத்தில் யாருக்கும் கேட்காமல்.

துரை நல்ல மனிதர். இப்படிப்பட்ட வீரனின் பெயர் ஈப்போ ஏட்டோடு நிற்கக் கூடாது, சீமைப் பட்டியலிலும் ஏற வேண்டும் என்று எழுதச் சொன்னார். பஞ்சலிங்கம் எழுதினார். அடுத்த ஆண்டு ஜூனில் பதில் வந்தது. அதைச் சொல்ல அவரே கொட்டகை வாசலுக்கு வந்தார். ஆம்புரோஸும் அங்கே இருந்தார்.

"டாங்கிப் படையில அப்பாவு எண்டு ஒருத்தரும் இருக்கேல்லையாம். பிரான்சுக்குப் போன ஆக்களிலும் இல்லையாம். ஆனபடியால் அப்பிடி ஒரு ஆள் யுத்தத்துக்குப் போகவே இல்லை எண்டு முடிவாகிட்டுது. இஞ்சத்தை ஏட்டிலயும் பேரை வெட்டச் சொல்லி உத்தரவு. நேற்று வெட்டிப்போட்டன்."

ஆம்புரோஸின் கையிலிருந்த கச்சாங் அப்படியே நின்றது. "ஐயா, அவன் பஸ்ராவுக்குப் போனவன். நான் வேணா வந்து உள்ளத சொல்லிடறேன்."

"எதைச் சொல்லுவீர்? உமக்கு டாங்கி தெரியாது எண்டோ? அப்ப உம்மடை பேரும் போகும், என்ரை பேரும் போகும். அப்பாவுவின்ரை பேர் வரப்போறதும் இல்லை. கோப்பை மூடியாச்சுக் காணும்." அவர் குடையை விரித்துக்கொண்டு போனார்.

ஆம்புரோஸ் கச்சாங்கை வண்டியில் திருப்பி வைத்தார். இராமசாமி பொட்டலத்துக்குக் காகிதம் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"என்னை ரெண்டு அடி அடிச்சிடுண்ணே," என்றார் ஆம்புரோஸ்.

"அடிச்சா? அத வச்சும் ஒரு கதை சொல்லுவ." காகிதத்தைக் கீழே வைத்தார் இராமசாமி. "இரு. அப்பாவு சண்டைக்குப் போவலங்கிறானுங்க. அப்படித்தானே? போவலன்னா இங்கதான் இருக்கணும். இங்க இருந்தா எங்க? நான் பாத்துப் பன்னெண்டு வருசமாச்சு. ஆளைக் காணோம்ல?"

"காணோம்தான்."

"காணோம்னா எங்க சொல்லணும்? மாத்தாகிட்ட சொல்லணும்."

மாத்தா என்றால் போலீஸ். மறுநாள் காலை இராமசாமி வண்டியைப் பூட்டிவைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனார். அங்கிருந்த தமிழ் ரைட்டர் மூன்றாம் வகுப்பு ரசிகர்தான் என்றாலும் சட்டம் தெரிந்தவர். ஆளை இந்த மண்ணில் கடைசியாகப் பார்த்தவர் வந்து சொன்னால்தான் புகாரை ஏட்டில் ஏற்ற முடியும் என்றார். இராமசாமி திரும்பி வந்தார்.

"நான் அவன்கூடக் கப்பல்ல ஏறுனவன். நான் ஏறுனதுக்கே காயிதம் இல்ல. கரையில நின்னு அவனைப் பாத்தவன் நீ ஒருத்தன்தான். வர்றியா?"

ஆம்புரோஸுக்கு அதன் விலை தெரியும். ஸ்டேஷன் ஏட்டில் சொன்னது மத்தியானத்துக்குள் சிலிபினுக்கு வந்துவிடும். அவர் மீசையைத் தடவினார், இறக்கினார், இராமசாமிக்குப் பின்னால் நடந்தார்.

ரைட்டர் பேனாவை மையில் தொட்டுக்கொண்டார். "எப்போ, எங்கண்ணே பாத்தீங்க?"

"பதினாறுல. பினாங்குத் துறைமுகத்துல. அவங்க ரெண்டு பேரும் ஏறுனாங்க."

"நீங்க?"

"கரையில நின்னேன்."

"அடுத்த கப்பல்ல போனீங்களா?"

"இல்ல. போவல. பொன்னுக்கு வீங்கி."

பேனா நின்றது. "அண்ணே... பட்டாளம்ணே..."

"எழுதுங்க தம்பி."

ரைட்டர் மறுபடி மையைத் தொட்டார். பிறகு எழுதினார். "கடைசியா பாத்தப்ப அவரு என்ன உடுத்தியிருந்தாரு?"

ஆம்புரோஸின் வாய் பழக்கத்தில் திறந்தது. எத்தனையோ உடுப்புகள் அங்கே தயாராக நின்றன. இராமசாமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு முழ வேட்டி," என்றார் ஆம்புரோஸ். "மேல சட்டை இல்ல. கையில பாதி பீடி இருந்துச்சு. எனக்குக் குடுத்துட்டு ஏறுனான்."

"பேரு?"

"அப்பாவு."

ரைட்டர் அதைப் பெரிய எழுத்தில் எழுதி, அடியில் கோடு போட்டு, சர்க்கார் முத்திரையை ஊதி அழுத்தினார். "ஆள் கெடச்சா யாருக்குத் தகவல் சொல்லணும்?"

"எனக்குத்தான்," என்றார் இராமசாமி. "கச்சாங் வண்டி, பயாஸ்கோப்பு வாசல்."

ரைட்டர் அதையும் எழுதிக்கொண்டார்.